ரயில் பொம்மை மாதிரி இருக்க வேண்டாம்!

அறிவியல் கண்காட்சி வரப்போகுது. இந்தத் தடவையும் ரெண்டு மூணு பேராவது தெர்மாகோலில் ரயில் நிலையம் செய்வார்கள். தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அது திருவிழாக் கடை பொம்மை மாதிரி இருக்கக் கூடாது, நிஜ ரயில் மாதிரி இருக்கணும் என்பது என் கருத்து.

போன வருடம் ஒரு மாதிரியில் ஆடு ஒன்று ரயில் பெட்டி உயரத்துக்கு நின்றது. யாரும் கேட்கவில்லை! சீரியல் லைட் எரிந்ததால் அதற்குத்தான் முதல் பரிசு.

முதலில் அளவு. உலகத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் நிறையப் பேர் வைத்துக்கொள்ளும் அளவு 1:87. அதாவது நிஜத்தில் 87 செ.மீ. என்றால் மாதிரியில் 1 செ.மீ. நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ. சொச்சம். ஐந்தரை அடி ஆளும் அதே அளவுதான் வருவார்! பழைய நீலப் பெட்டி 21 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அது 24 செ.மீ. வரும். ஆடு 1 செ.மீ. கூட வராது. இதற்குக் காசு எதுக்கு? வகுத்தல் தெரிந்தால் போதும்.

அடுத்தது கலர். நாம் எல்லாவற்றுக்கும் பளபளன்னு எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். (அது தெர்மாகோலையே அரித்துவிடும், ஜாக்கிரதை.) ரயில்வே கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். தண்டவாளத்தின் மேல்பக்கம் மட்டும்தான் மின்னும், சக்கரம் தேய்ப்பதால். பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு நிறம். பக்கத்து ஜல்லியிலும் அந்தத் துரு ஏறியிருக்கும். வேப்பமரத்தில்கூட ஒரே பச்சை கிடையாது. கொழுந்து ஒரு நிறம், பழுத்த இலை ஒரு நிறம்.

மாதிரி ரயில்காரர்கள் இந்தத் துருவையும் அழுக்கையும் சாக்பீஸ் தூளைத் தூரிகையால் தேய்த்தே கொண்டுவருகிறார்கள். சாக்பீஸுக்கா நமக்குப் பஞ்சம்? கூடவே செங்கல் தூள். மண்ணுக்கு, காயவைத்த டீத்தூள். ஜல்லிக்குச் சலித்த மணல். ஐந்தாறு செ.மீ. கல்லை 87ஆல் வகுத்தால் 1 மி.மீ. கூட இல்லையே! நாம் ஒட்டும் கற்கள் அந்த ரயிலுக்குப் பாறாங்கல்.

"கலரா இருந்தாதான் சின்னப் பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்கிறாள் என் தோழி. எனக்கு அப்படித் தோணலை. "ஐ, இது நம்ம ஊரு கேட்டு!" என்று ஒரு ஒண்ணாம் வகுப்புப் பையன் கத்தினால், அதைவிடவா சீரியல் லைட் பெரிசு? லைட் வாங்க முடியாதவங்களும் நம்மில் இருக்கோம். பார்த்துச் செய்ய எல்லோராலும் முடியும்.

நடுவராக வரும் சார், டீச்சர் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் கையில் ஒரு ஸ்கேல் கொண்டு வாங்க. பெட்டியின் கதவில் ஆள் நுழைய முடியுமா என்று அளந்து பார்த்துட்டு மார்க் போடுங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி