உஷ்ணமும் உற்பத்தியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், உடையவர் அவதரித்த தலமென்று முன்னோர் அறிந்த ஊர். இன்றோ அவ்வூரும், தெற்கேயுள்ள ஒரகடமும் யந்திரசாலைகளாற் பெயர் பெற்றுள்ளன. 2006-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. எனினும் கைப்பேசித் தொழில் நின்றுவிடவில்லை. பாக்ஸ்கான் முதலிய நிறுவனங்கள் அதனைப் பன்மடங்கு பெருக்கின. பல்லாயிரவர்க்குப் பிழைப்பு கிடைத்தது, மகிழத்தக்கதே. ஆயினும் பிறர் வகுத்த உறுப்புகளைக் கோத்துக் கொடுப்பதோடு நம் பங்கு முடிந்துவிடலாமா? முடியலாகாது என்பதே எமது துணிபு. அதற்கு உஷ்ணத்தைப்பற்றிய சாஸ்திரம் ஒன்றே போதிய சான்றாகும்.

மின்சாரம் பாயும் உறுப்பு யாதாயினும் சூடடையும். நகத்தளவேயான மின்னணுச் சில்லில் தோன்றும் உஷ்ணம் வெளியேறாவிடின் அதன் வேகம் குன்றும். நாளடைவில் அது பழுதாகும். வெளியேறும் வழியோ எளிதன்று. செம்பு உஷ்ணத்தைக் கடத்தும் திறன், காற்றின் திறனைப்போற் சுமார் 15,000 மடங்கு. ஆகவே சில்லுக்கும் அதன்மேற் பொருத்திய உலோகத்துக்கும் இடையே மயிரிழையளவு காற்று தங்கினும் பெருந்தடையாம். அவ்விடைவெளியை ஒருவகைப் பசையால் நிரப்புகின்றனர். உலோகத்தைச் செதில் செதிலாக அமைத்துக் காற்றுப்படும் பரப்பைப் பெருக்குகின்றனர். ஒரகடத்தில் 2013 முதல் உருவாகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களிற் பலவற்றின் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் செதில்களும் இத்தத்துவம் பற்றியனவே.

நிற்க. சூடான பொருள் உஷ்ணத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உஷ்ணநிலை வேற்றுமையைப் பொறுத்ததென நியூட்டன் 1701-இல் வெளியிட்டார். ஓர் உறுப்பு 85 டிகிரி வரை தாங்குமெனக் கொள்வோம். 25 டிகிரியுள்ள குளிர்நாட்டில் வேற்றுமை 60. நம் அக்கினி நட்சத்திரத்து 42 டிகிரியில் அது 43 மட்டுமே. அங்கு நூறு பங்கு உஷ்ணத்தை வெளியேற்றும் அதே அமைப்பு, இங்குச் சுமார் 72 பங்கையே வெளியேற்றும். இவ்வெயிலை அன்றாடம் அறிந்தவர் நாமன்றோ? இதற்கேற்ற குளிர்விப்பு முறையை வகுத்துத் தருமாறு பிறரை எதிர்நோக்கியிருப்பது முறையாகுமா?

"வரைபடம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, நமக்கேன் ஆராய்ச்சி?" என்பார் உளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று. அறிவு அருகிலேயே உளது. 1967 முதல் 1973 வரை சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராயிருந்த ஆர்க்காடு இராமச்சந்திரன், உஷ்ணப் பரிமாற்ற ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவர். அதே நிலையத்தில் பேராசிரியர் சி. பாலாஜியும் அவர்தம் மாணவரும், உலோகச் செதில்களினிடையே மெழுகு போன்ற பொருளை நிரப்பிச் சோதித்துள்ளனர். அப்பொருள் உருகும்போது, தன் உஷ்ணநிலை அதிகம் ஏறாமலே உஷ்ணத்தை உட்கொள்ளும். உறுப்பும் நெடுநேரம் காக்கப்படும்.

ஆலையும் ஆராய்ச்சிச்சாலையும் இங்ஙனம் அண்டையிலிருந்தும், இடையே போக்குவரவு குறைந்திருப்பின் பயன் யாது? ஆலையாளர் தம் பொருள்களைச் சித்திரை வெயிலிலும் சோதிக்க முன்வருக. கல்லூரிகள் தம் பௌதிக மாணவர்க்கு இத்தகைய ஆய்வுகளைப் பணியாக அளிக்க. ஓர் உஷ்ணமானியும், ஓர் அலுமினியத் தகடும், ஒரு சிறு விசிறியும் இருப்பின் நம் சோதனைச்சாலையிலேயே தொடங்கலாம்.

மாணவ நண்பர்களே! அவ்வாலைகளின் வாயிலில் வேலை கேட்டு நிற்பதோடு அமையாது, அவற்றுக்கு வழி சொல்லும் தகுதியையும் தேடிக்கொள்ளுங்கள். அதுவே கற்றவர்க்கு அழகு, நாட்டுக்கும் நன்மை.