இரவில் பலக்கும் மழை

2020 அக்டோபர் 13. காலையில் காக்கிநாடா அருகே கரையைக் கடந்தது அந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். கடலை விட்டு வந்த பிறகு அது ஓய்ந்திருக்க வேண்டும். காற்று அடங்கியது, மழை அடங்கவில்லை. மாலையில் ஹைதராபாத்தைப் பிடித்துக்கொண்ட மழை இரவெல்லாம் கொட்டியது. மறுநாள் காலை பேகம்பேட்டில் பதிவானது சுமார் 19 செ.மீ. ஏரிகள் வழிந்தன, தெருக்களில் கார்கள் மிதந்தன. பண்ட்லகுடாவில் இரவு நேரத்தில் சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழ, உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள்.

இந்த நகரத்துக்கு இது புதிதல்ல. 1908 செப்டம்பரில் வங்கக் கடலிலிருந்து வந்த புயல் மழையில் மூசி நதி பெருகி சுமார் 15,000 பேரைக் கொண்டுபோனது. அதன் பிறகே விஸ்வேஸ்வரய்யா வரவழைக்கப்பட்டார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் எழுந்தன.

கோடை இடிமழைக்கு வெயில்தான் எரிபொருள். மாலையில் மிரட்டி, இரவில் அடங்கிவிடும். கடலில் பிறக்கும் மழைமேகங்களின் குணம் வேறு. வெப்பமண்டலக் கடல்களில் கனமழை பெரும்பாலும் காலை வேளையில்தான் உச்சத்தைத் தொடுகிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் வில்லியம் கிரேயும் ராபர்ட் ஜேக்கப்சனும் 1977ல் எடுத்துக்காட்டினார்கள். காரணமாக அவர்கள் சுட்டியது மேகத்தையே.

பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக ஓயாமல் விண்வெளிக்கு அனுப்புகிறது. தெளிந்த வானத்தில் அது சுலபமாகத் தப்பிவிடும். 15 கி.மீ. உயரம் வரை எழும் மழைமேகமோ கம்பளி மாதிரி அதைத் தடுத்துவிடுகிறது. கம்பளிக்குள் கதகதப்பு, வெளியே குளிர்ச்சி. குளிர்ந்த வெளிக்காற்று கீழே இறங்கி, தாழ்வான ஈரக்காற்றைப் புயலுக்குள் தள்ளுகிறது. அந்த ஈரம் மேலெழுந்து மேலும் மேகமாகிறது. அதாவது புயல் தன் போர்வையைத் தானே நெய்துகொள்கிறது. பகலில் வெயில் இந்த வித்தியாசத்தைக் குறைக்கும். இரவில் அதற்கு ஆளில்லை. போதாக்குறைக்கு மேகத்தின் உச்சி இன்னும் குளிர்வதால் காற்று வேகமாக எழுகிறது.

2020ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கம்ப்யூட்டரில் சோதித்தது. பிலிப்பைன்ஸைச் சூறையாடிய ஹையான் (2013), கரீபியன் தீவுகளைச் சிதைத்த மரியா (2017) ஆகிய புயல்களை மறுபடி உருவாக்கி, மேகக் கம்பளியை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். புயல்கள் வளர முடியாமல் திணறின.

ஹைதராபாத்தின் அந்த இரவுக்கு முழுப் பழியையும் கம்பளி மீது போட முடியாது. முதல் தீனி வங்கக் கடலின் ஈரம்தான். ஆனால் மேகமும் கதிர்வீச்சும் ஆடும் ஆட்டத்தைச் சரியாகக் கணக்கிடாத முன்னறிவிப்பு தடுமாறவே செய்யும். இதை அளப்பதற்காகவே இஸ்ரோவும் பிரான்ஸும் 2011ல் மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. வெப்பமண்டல வானத்தின் ஈரத்தையும் கதிர்வீச்சையும் அளந்த அது, 2023 மார்ச்சில் பசிபிக் கடல் மீது எரிந்து முடிந்தது.

மூசிக் கரையில் குடியிருப்பவருக்கு இந்த விஞ்ஞானத்தின் சாரம் ஒன்றுதான். புயல் சின்னம் நெருங்கும் நாளில், இருட்டிவிட்டதால் மழை ஓயும் என்று நம்பிப் படுக்கக் கூடாது. மேட்டுக்குப் போக வேண்டுமானால், அதற்கு நேரம் மாலைதான்.