கண்டுபிடித்தது அமெரிக்கா, ஓட்டிக்காட்டியது ஜப்பான்

ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் உள்ள சோதனைத் தடத்தில், 2015 ஏப்ரல் 21 அன்று, ஆட்களை ஏற்றிய ரயில் ஒன்று மணிக்கு 603 கி.மீ. வேகத்தைத் தொட்டது. சக்கரம் தடத்தில் படாமல், காந்த விசையால் சுமார் 10 செ.மீ. உயரத்தில் மிதந்தபடி ஓடிய ரயில் அது. ஜப்பானின் சாதனை என்று உலகம் பாராட்டியது. பாராட்டில் தவறே இல்லை. ஆனால், அந்த ரயிலை மிதக்கவைக்கும் அடிப்படை யோசனை பிறந்த இடம் ஜப்பான் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் அது.

அந்த ஆய்வகத்தில் அணுசக்திப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் பாவெல், 1960களின் தொடக்கத்தில் ஒருநாள் காரில் போகும்போது நியூயார்க்கின் போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டார். மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திக் காந்தங்களைக் கொண்டு ரயிலை மிதக்கவைக்க முடியாதா என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியது. உடன் பணியாற்றிய கார்டன் டான்பியிடம் அதைச் சொன்னார். டான்பி கனடாவில் பிறந்தவர், துகள்முடுக்கிகளுக்கான காந்தங்களை வடிவமைப்பதில் கைதேர்ந்தவர். மியூவான் நியூட்ரினோ என்ற துகளைக் கண்டறிந்த 1962ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு 1988இல் வேறு மூவருக்குப் போனது.

இருவரும் 1966இல் தங்கள் திட்டத்தைக் கட்டுரையாக முன்வைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காப்புரிமையும் பெற்றார்கள். அவர்கள் கண்ட வழி எளிமையானது, அழகானது. ரயிலில் மீக்கடத்திக் காந்தங்கள். தடத்தில் சாதாரண உலோகச் சுருள்கள். ரயில் ஓட ஓட அந்தச் சுருள்களில் மின்சாரம் தானாகத் தூண்டப்படும். அந்த மின்சாரம் உருவாக்கும் காந்தப்புலமே ரயிலைத் தூக்கிப் பிடிக்கும். சுருளை எட்டு வடிவில் அமைத்தது அவர்களுடைய நுட்பம். ரயில் சரியான உயரத்தில் இருக்கும்வரை எட்டின் இரு பாதிகளும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். ரயில் கொஞ்சம் தாழ்ந்தாலோ விலகினாலோ உடனே மின்சாரம் பாய்ந்து, பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். ஜெர்மனியில் உருவான டிரான்ஸ்ரேபிட் ரயில் ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளியை நொடிக்கு நொடி மின்னணுக் கருவிகளால் கண்காணித்துக்கொண்டே ஓட வேண்டும். பாவெல்-டான்பி முறையில் அந்தக் கவலை இல்லை. இயற்பியலே காவல் காக்கும்.

அமெரிக்க அரசு இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதிவேகத் தரைவழிப் போக்குவரத்து ஆய்வுக்கென்றே 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹென்றி கோல்மும் ரிச்சர்ட் தார்ன்டனும் ‘மேக்னபிளேன்’ என்ற காந்த மிதவை ரயிலின் சிறிய மாதிரியை ஓட்டிக்காட்டினார்கள். ஃபோர்டு நிறுவனமும் இத்துறையில் ஆய்வு நடத்தியது. எல்லாம் கூடிவந்த வேளையில், 1975இல் மத்திய அரசின் நிதி நின்றுபோனது. இத்தனைக்கும் 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் நிலையங்களின் முன் கார்கள் வரிசைகட்டி நின்று அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பெட்ரோல் இல்லாமல், மின்சாரத்தில் ஓடக்கூடிய அதிவேகப் போக்குவரத்து ஒன்றை அந்த நேரத்தில் கைவிட்டதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

ஜப்பானில் நடந்தது வேறு கதை. முதல் புல்லட் ரயில் 1964இல்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1962இல், அடுத்த தலைமுறை ரயிலுக்கான ஆய்வை ஜப்பான் தேசிய ரயில்வே ஆரம்பித்துவிட்டது. பாவெலும் டான்பியும் எழுதியதை அங்கிருந்த பொறியாளர்கள் கூர்ந்து படித்தார்கள். மியசாகியில் 7 கி.மீ. சோதனைத் தடம் 1977இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஆளில்லா சோதனை ரயில் 517 கி.மீ. வேகத்தை எட்டியது. பிறகு சோதனைகள் வந்தன, தடத்தில் அல்ல, நிறுவனத்துக்கு. கடனில் மூழ்கிய தேசிய ரயில்வே 1987இல் பிரித்துத் தனியார்மயமாக்கப்பட்டது, ஆய்வு நிற்கவில்லை. 1991இல் மியசாகியில் சோதனை ரயில் ஒன்று தீப்பிடித்து எரிந்துபோனது; அடுத்ததைக் கட்டினார்கள். 1997இல் யமனாஷி தடம் வந்தது. 2013இல் அது 42.8 கி.மீ. நீளத்துக்கு விரிந்தது. யோசனைக்கும் 603 கி.மீ. வேகத்துக்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

இங்கேதான் கண்டுபிடிப்பாளர்களின் பரிதாபம் தெரிகிறது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள், வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள். பாவெல்-டான்பி காப்புரிமை 1980களிலேயே காலாவதியாகிவிட்டது. அந்தக் கால அளவுக்குள் ஒரு மருந்தோ வீட்டுச் சாதனமோ சந்தைக்கு வந்து, கண்டவருக்குச் சம்பாதித்துக் கொடுத்துவிடலாம். ரயிலுக்கு அது போதவே போதாது. நிலம், பாலம், சுரங்கம், மின்நிலையம், சட்ட அனுமதி என்று நீளும் துறை இது. தனியொரு விஞ்ஞானி காப்புரிமைக் காகிதத்தை வைத்துக்கொண்டு இவற்றுக்காகக் காத்திருக்க முடியாது. அவருக்காக அரசுதான் காத்திருக்க வேண்டும், அந்த ஆண்டுகளுக்குச் செலவும் செய்ய வேண்டும். அமெரிக்கா மறுத்தது அந்தச் செலவைத்தான்.

இரண்டாவது வாய்ப்பும் வந்தது. நியூயார்க்கின் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் இந்தத் தொழில்நுட்பத்துக்காக விடாமல் வாதாடினார். காந்த மிதவை ரயிலின் முன்மாதிரியை உருவாக்க 1991ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் 72.5 கோடி டாலருக்கு அங்கீகாரம் அளித்தது. அங்கீகாரம் வேறு, ஒதுக்கீடு வேறு. ஆண்டு நிதிநிலையில் அந்தத் தொகை ஒதுக்கப்படவில்லை, முன்மாதிரியும் உருவாகவில்லை. 1998இல் இன்னொரு சட்டம், இன்னொரு சுற்றுத் திட்ட அறிக்கைகள். ஒரு தடம்கூடக் கட்டப்படவில்லை.

இந்த ரயில் செலவு மிகுந்தது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. டோக்கியோவின் ஷினாகவாவிலிருந்து நகோயா வரை 286 கி.மீ. தூரத்துக்கு ஜப்பான் கட்டிவரும் தடத்தின் மதிப்பீடு 2021இலேயே 7 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது. நிலத்தடி நீர் பாதிக்கப்படும் என்ற ஷிசுவோகா மாகாணத்தின் எதிர்ப்பால், 2027இல் திறக்கும் திட்டமும் தள்ளிப்போனது. ஜெர்மனி முனிச் விமான நிலையத் தடத்தைச் செலவுக்கு அஞ்சி 2008இல் கைவிட்டது. அதன் டிரான்ஸ்ரேபிட் இன்று ஷாங்காயில் ஓடுகிறது. ஆகவே, நாடு முழுவதும் தடம் போடாமல் விட்டதற்காக அமெரிக்காவைக் குறைசொல்ல முடியாது. சில கி.மீ. சோதனைத் தடம்கூட இல்லாமல், ஓடுமா, எவ்வளவு ஆகும் என்ற கேள்விகளுக்கு விடை தேடும் வழியையே அடைத்ததுதான் குற்றம். சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்வது ஒரு முடிவு. சோதிக்கவே மறுப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் கழகம் 2000ஆம் ஆண்டில் பாவெல், டான்பி இருவருக்கும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கம் அளித்தது. அதே ஆண்டு அமெரிக்கா தன் முதல் அதிவேக ரயிலான அசேலாவைத் தொடங்கியது, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தைப் பெரிதும் சார்ந்து. டான்பி 2016இல் காலமானார். ஜப்பானிய மிதவை ரயிலை வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே கொண்டுவரும் யோசனை பல ஆண்டுகள் பேசப்பட்டது. அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வையும் நிதியையும் மத்திய அரசு 2025இல் நிறுத்திவிட்டது.

அமெரிக்காவுக்கு நெடுங்காலத் திட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1956இல் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளைக் கட்ட முடிவெடுத்தபோது, செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்றது. எரிபொருள் வரியை அதற்கென்றே ஒதுக்கித் தனி அறக்கட்டளை நிதியையும் உருவாக்கியது. ஒவ்வொரு ஆண்டும் கையேந்தி நிற்கும் நிலை சாலைப் பொறியாளருக்கு அதனால் வரவில்லை. ரயில் ஆய்வாளருக்கு மட்டும் அந்த நிலை நீடிக்கிறது. நெடுஞ்சாலைக்குச் செய்த ஏற்பாட்டின் ஒரு சிறு பங்கையாவது, இருபது ஆண்டுகளுக்குக் குறையாத உறுதியோடு, ரயில் ஆய்வுக்கும் சோதனைத் தடங்களுக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் செய்துதர வேண்டும்.