குடல் புற்று வெள்ளைக்காரன் சொத்தா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்கரைக்குப் போட்டியாக ஆரோக்கிய மேடைகளும் முளைத்துவிடும். ஆண்டுதோறும் ஆள் மாறுவார், பேச்சு மாறாது. குடல் புற்றுநோய் வெள்ளைக்காரன் நோய். தமிழன் மரபணுவில் அதற்கு இடமில்லை. வைரஸ் ஏதாவது வந்து ஒட்டினாலும் மூலிகைத் தண்ணீர் கழுவிவிடும். கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டம் பிரானூர் பார்டருக்குப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடக் கிளம்பிவிடுகிறது.

மூலிகைத் தண்ணீருக்கு ஒரு வரி போதும். அருவியில் நனைவது தோல். நோய் இருப்பது பெருங்குடலில்.

வைரஸ் கதையில் கொஞ்சம் விஷயம் உண்டு, மேடைக்காரர் அதைப் படிக்கவில்லை என்பதுதான் குறை. ஜேசி என்றொரு வைரஸ், சின்ன வயதிலேயே உடலில் புகுந்து சிறுநீரகத்தில் ஆயுளுக்கும் குடியிருக்கும். பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் போலந்தின் குழு 1999-இல் குடல் கட்டிகளில் அதன் தடத்தைக் கண்டது. வைரஸின் புரதம் தென்பட்ட கட்டிகளில் மரபணு மெத்திலேற்றமும் கூடுதலாக இருப்பதாக 2006-இல் அஜய் கோயல் உள்ளிட்டோர் எழுதினார்கள். மெத்திலேற்றம் என்பது மரபணுவின் எழுத்தைத் தொடாமல் அதன் வாசலைப் பூட்டிவிடுவது. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்ஹெச்1 மரபணு இப்படிப் பூட்டப்பட்டால் பிழைகள் குவியும். பூட்டியது வைரஸ்தானா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. பெரும்பாலும் இந்தப் பூட்டு பிறவியில் வருவதும் அல்ல. வயதுக்கும் புகைப்பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இனி 'இனம்'. மேடைக்காரருக்கு எதிராக அந்த ஜேசி வைரஸே சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. அதன் வகைகள் இனத்துக்கு இனம் வேறுபடும். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தொற்றுவதால், எந்த மக்கள் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்று தடம் பிடிக்கவே ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினரிடம் தேடியபோது பெரும்பாலும் ஜப்பானில் உள்ள வகைகளே கிடைத்தன என்கிறது 2002-இல் வெளியான ஆய்வு. ஆக, மரபணுவும் ஊர்ச் சரக்கு, வைரஸும் ஊர்ச் சரக்கு. புற்று மட்டும் அப்படி இருந்ததா? கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போன ஜப்பானியரின் பிள்ளைகளிடம், தாயகத்தில் குறைவாக இருந்த குடல் புற்று ஓரிரு தலைமுறைக்குள் வெள்ளையர் அளவை எட்டிப் பிடித்தது. இரண்டு தலைமுறையில் மாறக்கூடியது சோற்றுத் தட்டு, மரபணு அல்ல.

ஆய்வாளர்கள் தட்டை மாற்றியே பார்த்தார்கள். பிட்ஸ்பர்க்கின் கறுப்பின அமெரிக்கர் 20 பேருக்கு நார் நிறைந்த ஆப்பிரிக்கச் சாப்பாடு, தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேருக்குக் கொழுப்பு நிறைந்த அமெரிக்கச் சாப்பாடு. 2 வாரத்தில் குடல் உட்சுவரின் அழற்சி அறிகுறிகள் இடம் மாறிக்கொண்டன. 2015-இல் வெளியான ஆய்வு இது. யாருடைய மரபணுவும் மாறவில்லையே, மேடைக்காரரின் கவசம் எங்கே போயிற்று?

தமிழர் கணக்கே வேண்டுமென்றால் சிங்கப்பூரில் 1968 முதல் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. சீனரைவிட இந்தியருக்குக் குடல் புற்று குறைவு என்பது மேடைக்கு இனிக்கும் செய்தி. அந்த இந்தியரில் பாதிக்கு மேல் தமிழர். சிங்கப்பூர் இந்தியரின் விகிதம் சென்னைப் பதிவேட்டு விகிதத்தைவிட வெகு மேலே நிற்கிறது என்பது இனிக்காத செய்தி.

இந்தியாவில் விகிதம் குறைவுதான். அந்தக் குறைவே 2022 மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 70,000 புதிய நோயாளிகள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட 800 குடல் புற்று நோயாளிகளின் கணக்கில் சராசரி வயது 47. அந்த வயதில் மலத்தில் ரத்தம் பார்த்தவர் என்ன செய்கிறார்? உடம்புச் சூடு என்று முடிவுகட்டித் துத்தி இலையை வதக்கித் தின்கிறார். ஐந்தருவியில் தலையைக் காட்டுகிறார். பேருந்து நிலையச் சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் போடுகிறார். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி என்ற சொல் காதில் விழுவது, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதும் நாளில். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மூலிகைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கும் மேடையில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை.