மரபு என்பது பள்ளிப் பாடல் மட்டுமா?

சிங்கப்பூரில் ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ என்ற பெயரில் ஒரு பள்ளி இருந்தது என்று சொன்னால், அது எப்போதோ மூடப்பட்டிருக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். அது மூடப்படவில்லை. புக்கிட் தீமா வட்டாரத்தில், பிளாக்மோர் டிரைவில் இருக்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளிதான் அது.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சமய ஊழியர் சோஃபியா பிளாக்மோர், 1887 ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் அந்தப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ் வணிகர் தரப்பிலிருந்து கிடைத்த ஆதரவால் அந்த இடம் அமைந்தது. முதலில் சேர்ந்தவர்கள் ஒன்பது இந்திய மாணவிகள். மற்ற இனப் பெண்களும் வரத் தொடங்கிய பிறகு பெயர் மாறியது. பள்ளி மவுண்ட் சோஃபியாவுக்கும், பின்னர் 1992ல் இப்போதைய வளாகத்துக்கும் இடம் மாறியது. 1989ல் அது, கட்டணம் முதலியவற்றைத் தானே முடிவுசெய்யும் சுயேச்சைப் பள்ளியானது.

இந்தக் கதை நம் இளையர்களுக்குத் தெரிய வேண்டும். “நாங்கள்தான் முதலில் வந்தோம்” என்று மார்தட்டிக்கொள்வதற்காக அல்ல. மரபு என்றால் என்ன என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

சுயேச்சைப் பெண்கள் பள்ளிகள் மரபுகளில் வாழ்பவை. ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி 1879லும் சிங்கப்பூர் சீனப் பெண்கள் பள்ளி 1899லும் தொடங்கியவை. நிறுவனர் தினம், பள்ளிப் பாடல், இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி, சீருடையின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு விதி, ஆசிரியர் தினக் கொண்டாட்டத்துக்குக் கூட்டமாகத் திரும்பி வரும் முன்னாள் மாணவிகள் என இந்தப் பள்ளிகளின் வாழ்க்கை தனி நிறம் கொண்டது. பெண்கள் மட்டுமே படிப்பதால் கால்பந்துக் குழுவின் தலைவரும் பெண்தான், ரோபோட்டிக்ஸ் குழுவின் தலைவரும் பெண்தான். “இது பையன்கள் செய்வது” என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பதின்ம வயதில் இது சிறிய விஷயமல்ல.

ஆனால், பிணைக்கும் கயிறே வேலியாகவும் மாறலாம். அம்மா படித்த பள்ளியில் மகள் படிப்பது அழகான மரபு. தொடக்கநிலை ஒன்று பதிவில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. இணைப்புப் பெற்ற தொடக்கப்பள்ளியில் படித்தவர்களுக்கு உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கையிலும் முன்னுரிமை உண்டு. இப்படியே போனால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் சொத்தாகவே பள்ளி நின்றுவிடாதா? இந்தக் கவலை கல்வி அமைச்சுக்கும் இருந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து, இத்தகைய உயர்நிலைப்பள்ளிகளில் 20 விழுக்காட்டு இடங்கள் இணைப்பு முன்னுரிமை இல்லாத மாணவர்களுக்காக ஒதுக்கப்படுகின்றன.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது, விண்ணப்பிக்கவும் ஆள் வேண்டும். நம் வீடுகளில் இந்தப் பள்ளிகளின் பெயரை எடுத்தாலே மூன்று பதில்கள் வரும். “கட்டணம் கட்ட முடியாது.” “தமிழ் இருக்காது.” “அங்கெல்லாம் நமக்கு ஒத்துவராது.”

முதல் இரண்டுக்கும் பதில் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்க உயர்நிலைப்பள்ளியில் மாதக் கட்டணம் ஐந்து வெள்ளிதான், இதர கட்டணங்கள் தனி. சுயேச்சைப் பள்ளியில் அது சில நூறு வெள்ளி. வித்தியாசம் பெரிதுதான். ஆனால், வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சுயேச்சைப் பள்ளிகளிலும் கல்வி அமைச்சின் உதவித்தொகை உண்டு. விசாரிக்காமலேயே கதவைச் சாத்திவிடுகிறோம். தமிழ் கற்பிக்காத பள்ளியில் சேர்ந்தாலும் தமிழ் விட்டுப்போவதில்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு, பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் தமிழ் படிக்கலாம். அலைச்சல் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இவர்கள் பேருந்து பிடிக்க வேண்டும். அதே வேளையில், பல பள்ளிகளின் தமிழ் மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரும் வாய்ப்பும் அங்கேதான் கிடைக்கிறது.

மூன்றாவது பதில்தான் கடினமானது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. விடுமுறைக்கு ஜப்பானுக்குப் போன கதை பேசும் தோழிகளிடையே, ஜோகூருக்கு மட்டும் போய்வந்த பெண் அமைதியாகிவிடுவாள். வகுப்பில் ஒரே இந்திய முகமாக இருப்பதும் எளிதல்ல. அந்தச் சங்கடத்தைப் பள்ளிப் பாடல் போக்கிவிடாது. கூட இருப்பவர்கள்தான் போக்க வேண்டும்.

அதனால்தான் அந்த ஒன்பது மாணவிகளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கப்பட்ட காலத்தில் அவர்கள் கடைவீட்டுக்கு வந்தார்கள். பரம்பரைப் பெருமையோ பளபளக்கும் வளாகமோ அன்று இல்லை. இடம் இல்லாதவர்களுக்கு இடம் கொடுப்பதுதான் பள்ளியின் முதல் வேலையாக இருந்தது. அப்படியென்றால் அந்தப் பள்ளியின் மிகப் பழைய மரபும் அதுதான். பாட்டும் சின்னமும் பிறகு வந்தவை. ‘தமிழ்’ என்ற சொல் பெயரிலிருந்து போனதைக்கூட நான் இழப்பாகக் கருதவில்லை. கதவு இன்னும் அகலமாகத் திறந்ததன் அடையாளம் அது.

எந்தச் சுயேச்சைப் பள்ளியில் படித்தாலும் இந்த மரபைத் தொடர நம்மால் முடியும். முன்னாள் மாணவியர் ஒன்றுகூடல்களில் பழைய படங்களைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சிண்டா துணைப்பாட வகுப்புகளுக்கு வரும் தொடக்கநிலை ஐந்து, ஆறு மாணவிகளிடம் பேசுங்கள். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு எப்படி விண்ணப்பிப்பது, நேர்காணலில் என்ன கேட்பார்கள், உதவித்தொகைக்கு எந்தப் படிவம் என்று ஓர் அக்கா அரை மணி நேரம் விளக்கினால், அது பத்துத் துண்டுப் பிரசுரங்களைவிடப் பயன்படும். அந்தப் பெண் சேர்ந்த பிறகு, முதல் வாரம் உணவகத்தில் அவளோடு உட்காருங்கள். பள்ளிகளும் தங்கள் பங்குக்கு, நிறுவனர் தினத்தில் நிறுவனரின் பெயரோடு முதல் மாணவிகளையும் நினைவுகூரலாம். அந்தக் கதையைத் தமிழ் மாணவிகள் தமிழிலேயே சொல்லட்டும்.

எல்லாப் பெண்களும் சுயேச்சைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அக்கம்பக்கப் பள்ளியில் படித்து உயர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஆனால், போக விரும்பும் பெண், போகும் தகுதியும் உள்ள பெண், ‘அது நமக்கான இடமில்லை’ என்று பன்னிரண்டு வயதிலேயே தயங்கி நிற்கக் கூடாது. அம்மா அங்கே படிக்காவிட்டால் என்ன? அந்த ஒன்பது பேரின் அம்மாக்களும் அங்கே படித்தவர்கள் அல்லர்.