50 வயதில் அயல்நாடு: எந்த ஊர் நமக்கு ஒத்துவரும்?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "கடையை முடித்துக்கொண்டு வெளிநாடு போய்விடலாமா?" என்பதுதான் அது. முன்பெல்லாம் இது 20 வயதுப் பையன்களின் பேச்சு. இப்போது 45, 50 வயதில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களே கேட்கிறார்கள். காரணம் நமக்குத் தெரியாததல்ல. தெருமுனையில் பெரிய கம்பெனிக் கடை. செல்போனில் தட்டினால் கால் மணி நேரத்தில் வீட்டு வாசலில் துவரம் பருப்பு. படித்த பிள்ளைகள் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இருக்கிற கையிருப்பை வைத்துக்கொண்டு துபாயிலோ மலேசியாவிலோ ஒரு கடை போட்டால் என்ன என்று தோன்றுவது இயற்கைதான்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. எங்கே வருமானம் அதிகம் என்று பார்த்துப் போவது 25 வயதுக்காரருக்குச் சரி. தோற்றால் திரும்பி வந்து மறுபடி தொடங்க அவருக்குக் காலம் இருக்கிறது. 50 வயதுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது வேறு. கடையில் நிற்க முடியாத வயது வந்த பிறகும், எந்தக் காகிதத்தின் பலத்தில் அந்த ஊரில் இருக்கப் போகிறோம்? லாப நட்டக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

காகிதம் என்று நான் சொல்வதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பர்மாவில் நம் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் செல்வாக்காக இருந்த காலத்தில், 1930களின் இறுதியில், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பினார்கள். போர் முடிந்து மறுபடி போனவர்களும் உண்டு. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள் அரசுடைமை ஆயின. 1964இல் பெரிய நோட்டுகள் செல்லாது என்றார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார், அப்படிக் கப்பலேறி வந்தவர்கள் பிழைக்க வழி தேடியதில் உண்டானது. 1972இல் உகாண்டாவில் இடி அமீன் கொடுத்த கெடு 90 நாள். 1990இல் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தபோது, அங்கிருந்த நம் நாட்டவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. இவர்களில் சோம்பேறிகளும் இல்லை, வியாபாரம் தெரியாதவர்களும் இல்லை.

முதலில் துபாய். நம் தொழிலுக்கு மிகவும் நெருக்கமான ஊர் அதுதான். தேரா பகுதியில் கழிமுக ஓரமாக உள்ள அல் ராஸ் கடைவீதிக்குப் போனால் நம்மூர் வத்தல், மல்லி, மஞ்சள் வாசனைதான் அடிக்கும். அங்கு இறங்கும் சரக்கெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதற்கு மட்டுமல்ல. ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்கும் ஈரான் பக்கமும் மறு ஏற்றுமதி ஆகிறது. ஆகவே நம் மொத்த வியாபார அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. இந்தியாவுக்கும் அமீரகத்துக்குமான வர்த்தக ஒப்பந்தம் 2022 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. நீண்ட காலமாக திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் பண மதிப்புத் தடுமாற்றமும் குறைவு.

ஆனால் அங்கேயும் பழைய நிலை இல்லை. வரியே கிடையாது என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வரி வந்தது. 2023 ஜூனுக்குப் பிறகு தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தின் மீது 9 சதவீத கம்பெனி வரியும் வந்துவிட்டது. கணக்கு எழுதாமல் காலம் தள்ள நினைத்துப் போகிறவர் ஏமாந்து போவார்.

நகரத்துக்குள் கடை வைக்க, முன்பு பெரும்பாலும் அந்நாட்டுக்காரர் ஒருவர் பெயரில் 51 பங்கு இருந்தாக வேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் முழுப் பங்கையும் நாமே வைத்துக்கொள்ளலாம். இது பெரிய மாற்றம். எனக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் அதற்கு முன்பே, 48 வயதில், உறவினர் நடத்திய கடையில் பணம் போட்டார். லைசென்சில் அவர் பெயர் இல்லை. விசா மட்டும் அந்தக் கடையின் பேரில் எடுத்திருந்தார். உறவினருக்கும் அந்த ஊர்ப் பங்காளிக்கும் சண்டை வந்து லைசென்ஸ் ரத்தானபோது, போட்ட பணத்துக்கும் துண்டுச் சீட்டு இல்லை, இருப்பதற்கும் அனுமதி இல்லை. இன்று சட்டம் இடம் தருகிறது. ஆகவே லைசென்சில் நம் பெயர் இல்லாமல் ஒரு திர்ஹாம்கூடப் போடக் கூடாது. மாமன் மச்சான் என்று பார்க்கிற இடம் இதுவல்ல.

சாதாரண விசா வேலையோடும் தொழிலோடும் சேர்ந்தது. தொழில் நின்றால் அதுவும் நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே தங்கினாலும் காலாவதியாகிவிடும். கோல்டன் விசா என்பது 10 ஆண்டு; இந்த ஆறு மாதக் கட்டுப்பாடும் அதற்குக் கிடையாது. ஆனால் சொத்து வாங்கி அதைப் பெற 20 லட்சம் திர்ஹாம் வேண்டும். நம் பணத்தில் 4 கோடி ரூபாயைத் தாண்டும். நம் சங்கத்தில் எத்தனை பேரால் முடியும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். குடியுரிமை பற்றிய ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டும். ஆகவே என் தீர்ப்பு இது: இன்னும் 10, 12 ஆண்டு தெம்பாக வியாபாரம் செய்ய நினைப்பவருக்கு துபாய் ஏற்றது, அங்கேயே கண்ணை மூட நினைப்பவருக்கு ஏற்றதல்ல.

மலேசியா நம்மவர் மனதுக்கு நெருங்கியது. கோயில் உண்டு, தமிழ்ப் பள்ளிகள் 500க்கு மேல் உண்டு, கிள்ளானிலும் பினாங்கிலும் தமிழிலேயே பேசிக் காலம் தள்ளலாம். நீண்ட காலம் தங்குவதற்கு அந்த அரசு 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. 2024இல் மாற்றிய விதிப்படி, கீழ்ப்படியான வெள்ளி வகைக்கே 1,50,000 அமெரிக்க டாலர் டெபாசிட் போட வேண்டும். 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடும் வாங்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு அங்கே வேலையோ வியாபாரமோ செய்ய அந்த வகையில் அனுமதி இல்லை. அது போகட்டும், வேறு வழியில் கடை போடலாமே என்றால், சிறு மளிகைக் கடை மாதிரியான சில்லறை வணிகத்தை அந்த அரசு தன் மக்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அதில் தவறு சொல்ல நமக்கு வாயில்லை. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு வேண்டாம் என்று 2012இல் நாமும் கடையடைப்பு நடத்தியவர்கள்தானே! ஆக மலேசியா, கையில் பணம் வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க நினைப்பவருக்கு. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் மறைவாகக் கடை நடத்தலாம் என்று புரோக்கர் யாராவது சொன்னால், மேலே சொன்ன 48 வயதுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வயதுக்கு அது எட்டாத கிளை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியில் வந்த விதிப்படி மாதம் 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறி, 45 வயதுவாக்கில் 10,000 வெள்ளியைத் தாண்டுகிறது. வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. மகன் அங்கே இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கனடா, ஆஸ்திரேலியா என்று பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண் முறையில் 45 வயதானால் வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம். ஆஸ்திரேலியாவின் திறனாளர் விசாவுக்கும் பொதுவாக 45தான் எல்லை. மீதி இருப்பது பிள்ளைகள் மூலம் போகும் வழி. கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு முறை போனால் ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆனால் மருத்துவ இன்சூரன்ஸ் காட்டியாக வேண்டும், சம்பாதிக்க முடியாது. நிரந்தரமாகவே அழைத்துக்கொண்டாலும், முதியோர் பென்ஷன் கிடைக்க அந்த நாட்டில் குறைந்தது 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். முழுத் தொகைக்கு 40 ஆண்டு. 50 வயதில் போகிறவருக்கு 65இல் என்ன கிடைக்கும் என்று கூட்டிப் பார்க்கலாம். பெற்றோரின் செலவுக்கு 20 ஆண்டு பொறுப்பேற்று மகன் கையெழுத்துப் போட வேண்டும். நாள் முழுவதும் நாலு பேரோடு பேசிப் பழகிய கடைக்காரர், பனி பெய்யும் ஊரில் பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்பது தனி விஷயம். வீட்டம்மாவிடமும் கேட்டுவிட வேண்டும். நம்மில் பலர் அவரிடம் கடைசியில்தான் சொல்கிறோம்.

எந்த ஊரானாலும், முடிவெடுக்கும் முன் அங்கே மூன்று மாதம் இருந்து பார்ப்பது நல்லது. அதுவும் மோசமான பருவத்தில். துபாய் என்றால் ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டும். டிசம்பரில் போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஊரைப் புகழத்தான் செய்வார்கள். அங்கே 60 வயதுக்காரருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் என்ன விலை, சர்க்கரை நோய் இருந்தால் எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடை வாடகையை விசாரிக்கும் அக்கறையில் பாதி இதற்குப் போதும்.

இனி இங்கே செய்ய வேண்டியது. வெளிநாட்டில் குடியேறினால் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது. முன்பே இருப்பதை வைத்துக்கொள்ளலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் ஓட்டும் இல்லை, விவசாய நிலம் வாங்கும் உரிமையும் இல்லை. இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்போது இங்கிருந்து பணம் அனுப்ப ஓர் ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் உச்சவரம்பு. பாதி ஆண்டு அங்கே, பாதி ஆண்டு இங்கே என்று இருக்க நினைப்பவர் 182 நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவருக்கு 2020இல் வந்த திருத்தப்படி 120 நாள் என்றொரு கணக்கும் உண்டு. ஆடிட்டரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளவும்.

கடையை விற்றுவிட்டுப் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். முதல் மூன்று ஆண்டுக்காவது வாடகைக்கோ பொறுப்பான ஆளிடமோ விட்டுப் போங்கள். அப்படி விடும்போது கட்டடத்தோடு ஜி.எஸ்.டி. பதிவையும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தையும், கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டாம். எடுத்து நடத்துபவர் தன் பெயரில் புதுப் பதிவு வாங்கிக்கொள்ளட்டும். அவர் வரி கட்டாமல் விட்டால் நோட்டீஸ் வருவது பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அவர் துபாயில் இருக்கிறார் என்று சொன்னால் அதிகாரி கேட்க மாட்டார். பவர் கொடுப்பதானால், வாடகை வாங்கவும் வங்கியில் போடவும் மட்டும் என்று வரையறுத்து எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம். நம் கொள்முதல் பாக்கியையும் மண்டிகளில் தீர்த்து, ரசீது வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.