வடபுலத்துப் பெயர்களும் திருமுழுக்கும்

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் பழைய ஆண்பெயர்களுள் பல, இரு சொற்கள் இணைந்து ஆனவை. ஹரால்டு என்பதில் சேனையும் ஆட்சியும், சிகூர்டு என்பதில் வெற்றியும் காவலும் பொருந்தியுள்ளன. போர்த்திறனைப் பெரிதென மதித்த அம்மக்கள், தம் மைந்தர் எவ்வாறு விளங்க வேண்டுமென விழைந்தனர் என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன.

ஓலாவ் என்னும் பெயருக்கு ‘முன்னோரின் வழித்தோன்றல்’ என்பது பொருள். இப்பெயர் தாங்கிய நார்வே மன்னர் ஓலாவ் ஹரால்ட்சன், முன்னோரின் தெய்வங்களை விடுத்துத் திருமுழுக்குப் பெற்றார். 1030ஆம் ஆண்டு ஸ்டிக்லஸ்டாட் போர்க்களத்தில் உயிர் நீத்தார். மறு ஆண்டே புனிதராகப் போற்றப்பெற்று, அந்நாட்டு விசுவாசிகளுக்குத் தாமே ஒரு முன்னோரானார்.

இம்மன்னரின் மகன் பிறந்த வரலாற்றை ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதி வைத்துள்ளார். நள்ளிரவில் பிறந்த குழந்தை பிழைக்குமோ என்ற நிலை. உடனே திருமுழுக்கு அளிக்க வேண்டுமென்றார் குரு. உறங்கும் மன்னரை எழுப்ப எவரும் துணியவில்லை. அரசவைப் புலவர் சிக்வாட் பொறுப்பைத் தாமே ஏற்று, குழந்தைக்கு மாக்னுஸ் என்று பெயரிடச் செய்தார். காலையில் சினமுற்ற மன்னர், தம் குலத்தில் வழங்காத பெயரை இட்டது ஏனென்று வினவினார். உலகில் தாம் அறிந்த மிகச் சிறந்த மனிதரான பேரரசர் சார்லமேனின் பெயரை இட்டதாகப் புலவர் விடையளித்தார். மன்னரின் சினம் தணிந்தது. பேரரசருக்குரிய ‘மாக்னுஸ்’ என்ற இலத்தீன் அடைமொழிக்குப் ‘பெரியவர்’ என்பதே பொருள். பிழைத்த அக்குழந்தை 1035இல் நார்வேயின் அரியணை ஏறிற்று. பின்வந்த மன்னர் பலரும் அப்பெயரைத் தாங்கினர்.

பழம்பெயர்கள் யாவும் கைவிடப்பட்டனவா? இல்லை. இடிக்கடவுளான தோரின் பெயர், ஐஸ்லாந்தின் ஆயர் தோர்லாக்கின் பெயரிலும் அவர்தம் தந்தை தோர்ஹாலின் பெயரிலும் நிலைத்து நின்றது. 1193இல் மறைந்த தோர்லாக்கை 1984ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்நாட்டின் பாதுகாவலராக அறிவித்தார். பொய்த்தேவனின் பெயரைத் தாங்கிய சொல், ஒருவரின் தூய வாழ்வால் புனிதரின் பெயராயிற்று.

கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனிக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். ஓசை நயம் ஒன்றையே கருதிப் பெயர் தேடும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வார்களாக. நல்ல பெயரை இட்டுவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. எவரை எண்ணி அப்பெயரைச் சூட்டினோம் என்று கேட்கும் பிள்ளைக்கு, சிக்வாட்டைப் போல் விடை சொல்ல நம்மிடம் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், உங்கள் பிள்ளைகளை அருகே அமர்த்தி, அவரவர் பெயரின் பொருளையும் வரலாற்றையும் எடுத்துக் கூறுங்கள்.